அட்டிக்குக்குள் பெய்த மழை: உங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லுங்கள்

மார்க்கம்வாசி

இங்கே கனடாவில், டொராண்டோ பக்கத்தில், போன பிப்ரவரியில் இரண்டு வாரம் மைனஸ் 20-ஐ ஒட்டியே நின்ற குளிர், ஒரே ராத்திரியில் பிளஸ் 5-க்கு ஏறியது. காலையில் மாடி சீலிங்கில் தட்டு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. மதியத்துக்குள் மூன்றாகிவிட்டது. பாத்ரூம் ஃபேன் ஓரத்தில் சொட்டவும் ஆரம்பித்தது. வெளியே மழை கிடையாது, நல்ல வெயில்.

அப்போது நாகர்கோவிலிலிருந்து அம்மா வந்திருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஓடு நகர்ந்திருக்கும், ஒரு ஆளை மேல ஏத்துப்பா" என்றார். கூரை வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஷிங்கிள் (இங்கே ஓட்டுக்குப் பதில் கூரையில் ஆணி அடித்துப் பதிக்கும் தார் அட்டை) எல்லாம் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். வீட்டுக்குப் பதினெட்டு வயது, ஷிங்கிளும் கிழடுதான். ஆனால் மேலே ஏறாமலே சொல்கிறாரே என்று எனக்கு உறுத்தியது.

அவரை அனுப்பிவிட்டு, துணி அலமாரிக்கு மேலே, அட்டிக்குக்கு (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடம்) ஏறும் மூடியைத் தள்ளித் தலையை நீட்டினேன். டார்ச் அடித்தால், கூரைப் பலகையின் அடிப்பக்கம் பழைய ஃப்ரீசர் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. கீழே நீட்டிக்கொண்டிருந்த ஷிங்கிள் ஆணி முனை ஒவ்வொன்றிலும் ஒரு பனி மணி. வடக்குச் சரிவு உறைந்தபடியே இருந்தது. தெற்குச் சரிவு வெயில் பட்டு உருகி என் தலை மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

கூரையில் ஓட்டையே இல்லை. சொட்டியது எங்கள் தண்ணீர்தான். ஐந்து பேர் குளித்தது, சோறு வடித்தது, அம்மா வந்ததிலிருந்து தினமும் அவித்த இட்லி, எல்லோரும் விட்ட மூச்சு, எல்லாமும் சேர்ந்து மேலே போய் உறைந்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. வீட்டுக்குள் 21 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், அந்தக் காற்று ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதில் பட்டாலும் அது வியர்க்கும். மைனஸ் 20-இல் இருக்கும் பலகைக்கு வியர்க்கக்கூட நேரமில்லை, பட்டதும் பனிதான்.

பெரிய குற்றவாளி பாத்ரூம் ஃபேன். அதன் குழாய் கூரை வென்ட்டிலிருந்து கழன்று இன்சுலேஷன் மேல், அதாவது சூடு போகாமலிருக்கப் பரப்பிய பஞ்சின் மேல், படுத்துக் கிடந்தது. ஒட்டியிருந்த டேப் காய்ந்து உரிந்துவிட்டது. எத்தனை வருடமாக நாங்கள் ஃபேன் போட்டு அட்டிக்குக்கு ஆவி பிடித்தோமோ! இரண்டாவது குற்றவாளி நான். மூக்கு வறள்கிறது என்று வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரை 45 சதவீதத்தில் வைத்திருந்தேன். மூன்றாவது, மாடியில் ஆசைப்பட்டுப் போட்ட, சீலிங்குக்குள் பதிக்கும் ஒன்பது பாட் லைட். ஒவ்வொன்றும் சீலிங்கில் ஒரு ஓட்டை.

செய்தது இவ்வளவுதான். ஃபேனுக்கு இன்சுலேஷன் சுற்றிய புதுக் குழாய், வளைவில்லாமல் குட்டையாக, இரண்டு முனையிலும் கிளாம்ப். குளித்த பிறகும் இருபது நிமிடம் ஓட ஒரு டைமர். ஹியூமிடிஃபையர் 30-க்கு இறங்கியது, கடுங்குளிரில் அதைவிடவும் குறைப்பேன். பாட் லைட்டுக்கு மேலே காற்றுப் புகாத மூடி. கழிவுக் குழாயும் வயரும் ஏறும் இடங்களில் ஃபோம். அட்டிக் மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை. சீலிங் ஈரம் காய்ந்ததும் பெயின்ட் அடித்தேன். ஷிங்கிள் இன்னும் அதேதான்.

ஸ்காபரோ அக்கா

தம்பி, நீங்கள் தலையை நீட்டிப் பார்த்ததால் தப்பினீர்கள். நாங்கள் பாராமலே காசைக் கொட்டினோம்.

எங்களுடையது 1950-களில் கட்டிய பங்களோ. ஹீட்டிங் பில் கூடுது என்று ஒரு கம்பெனியைப் பிடித்து அட்டிக்குக்கு மேலதிகமாக இன்சுலேஷன் ஊதுவித்தோம். ஆர்-60 மட்டம் (ஆர் எண் கூடக் கூடச் சூடு போவது குறையும்), கண்ணுக்கு நல்ல வடிவாக இருந்தது. பில் குறைந்தது உண்மை. ஆனால் அடுத்த மார்ச்சில் குசினிச் சிலிங்கில் கறை. ஏறிப் பார்த்தால் பலகை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். ஆணியைச் சுற்றி வட்டம் வட்டமாகத் துருக்கறை வேறு.

பிறகு வந்த இன்ஸ்பெக்டர்தான் விளங்கப்படுத்தினார். முன்னர் வீட்டுச் சூடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய் அட்டிக்கைக் காய வைத்துக்கொண்டிருந்தது. இன்சுலேஷன் கூடியதும் அட்டிக் இன்னும் குளிர்ந்துவிட்டது. ஆனால் ஈரக் காற்று ஏறும் ஓட்டைகளை ஒருவரும் அடைக்கவில்லை. முதலில் ஓட்டையை அடைத்து, அதன் பிறகு ஊத வேண்டியதை அந்த ஆட்கள் தலைகீழாகச் செய்துவிட்டார்கள். போதாததற்குத் தாழ்வாரத்தில் காற்று உள்ளே வரும் சொஃபிட் வழியையும் பஞ்சால் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் பலகையை ஒட்டி பஃபிள் என்று ஒரு தகடு வைத்துக் காற்றுக்கு வழி விட வேண்டுமாம். அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்கு நாங்கள் ஒரு கோடைகாலம் முழுக்க அலைந்தோம்.

இன்னொன்று. பஞ்சை விலக்கியபோது அடியில் சாம்பலும் பொன்னிறமுமாக, அபிரகம் போல மினுங்கும் சின்னச் சின்னக் கல் கிடந்தது, அந்தக் காலத்து இன்சுலேஷன். வெர்மிகுலைட். வட அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. அதில் அஸ்பெஸ்டஸ், மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் தரக்கூடிய நார், கலந்திருந்தது. சுரங்கத்தை 1990-இல் மூடிவிட்டார்கள், வீடுகளில் ஊற்றியது அப்படியே கிடக்கிறது. எங்களுடையதைச் சோதித்ததில் அஸ்பெஸ்டஸ் இருந்தது, அதற்கென்று உள்ள ஆட்களைக் கொண்டுதான் அகற்றினோம். பழைய வீட்டுக்காரர் யாரும் அந்தக் கல்லைக் கண்டால் கிளற வேண்டாம், வாக்யூம் பிடிக்க வேண்டாம். மூடிவிட்டு இறங்குங்கள்.

இவ்வளவுக்கும் முன்னர் என் கணவர் தானே பார்க்கிறேன் என்று ஏறி, மரச்சட்டத்தை விட்டுப் பஞ்சின் மேல் கால் வைத்தார். நான் கீழே புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். சிலிங்கால் ஒரு கால் இறங்கி வந்து என் தலைக்கு மேல் ஆடியது. ஆளுக்குக் காயமில்லை, புட்டுத்தான் வீண்.

பிராம்ப்டன் புதுசு

எங்கள் அட்டிக்கிலும் ஆணி முனைகளில் பனி தெரிகிறது. கூரையில் கரண்ட் ஃபேன் ஒன்று போட்டால் ஈரத்தை வெளியே இழுத்துவிடும் என்கிறார் நண்பர். போடலாமா?

மார்க்கம்வாசி

அவசரப்படாதீர்கள். எனக்கும் அந்த யோசனை வந்தது. அட்டிக்கில் ஃபேன் இழுக்கும்போது அதற்குக் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். சொஃபிட் வழி போதாவிட்டால் சீலிங் ஓட்டைகள் வழியாக வீட்டுக் காற்றைத்தான் இழுக்கும். சூடும் போகும், ஈரமும் கூடுதலாக மேலே ஏறும்.

சாதாரணச் சரிவுள்ள கூரைக்கு, இன்சுலேஷன் பரப்பில் 300-இல் ஒரு பங்கு வென்ட் திறப்பு வேண்டும் என்பது ஒன்டாரியோ கட்டட விதி. 1,200 சதுர அடிக்கு 4 சதுர அடி. அதில் கால் பங்காவது மேலேயும், கால் பங்காவது கீழேயும் இருக்க வேண்டும். அநேக வீடுகளில் திறப்பு இருக்கிறது, பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது. அக்கா சொன்ன கதைதான். முதலில் பாத்ரூம் ஃபேன் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சொஃபிட்டுக்குள் கொண்டுபோய் விட்டிருந்தாலும் சிக்கல்தான், வெளியே போன ஆவி பக்கத்துத் துளை வழியாகத் திரும்ப உள்ளே ஏறும்.

ஈஸ்ட்ஹாம் பெரியம்மா

இங்கே லண்டனில் மைனஸ் 20 எல்லாம் கிடையாது, ஆனால் இந்தத் தொல்லை உண்டு. நாங்கள் அட்டிக்கை லொஃப்ட் என்போம். சூட்கேஸ், பழைய குழந்தைக் கட்டில், பொங்கல் பானை எல்லாம் அங்கேதான். 270 மில்லிமீட்டர் கம்பளி இன்சுலேஷன் போட்டுக்கொண்ட மறு வருடம் ஏறிப் பார்த்தால், கூரைக்கு அடியில் விரித்த கறுப்பு ஃபெல்ட்டில் பனித்துளி வரிசை. என் கூறைச் சேலை இருந்த பெட்டியில் பூஞ்சணம். கூரைக்குக் கீழே கூறையை வைத்தது என் பிழைதான். சரிகை கறுத்துவிட்டது, அதை நினைத்தால் இன்னும் வயிறு எரியும்.

எங்கள் வீட்டில் யாரும் எதிர்பார்க்காத காரணம் ஒன்று இருந்தது. லொஃப்டில் பழைய தண்ணீர்த் தாங்கி, அதற்கு மூடியே இல்லை. அதுபாட்டுக்கு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூடி போட்டோம். தாழ்வாரத்தில் அடைத்திருந்த கம்பளியைப் பின்னுக்கு இழுத்தோம். ஃபெல்ட் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடங்களில் இடைவெளி விட ஒரு பிளாஸ்டிக் செருகல் விற்கிறார்கள், அதையும் செருகினோம். ரேடியேட்டரில் உடுப்புக் காயப் போடுவதை மட்டும் முழுக்க நிறுத்த முடியவில்லை. இந்த ஊரில் ஜனவரியில் வேறெங்கே போடுவது?

மார்க்கம்வாசி

பெரியம்மா, சேலைக் கதை மனதைப் பிசைகிறது.

இந்தக் குளிருக்கான என் நிலவரம்: மைனஸ் 18 அடித்த வாரத்தில் ஏறிப் பார்த்தேன். பலகை காய்ந்திருக்கிறது. வடகிழக்கு மூலையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஆணிகளில் பனி. அதற்கு நேர் கீழே சின்னவளின் அறைச் சுவர். கூரை தாழ்ந்து நெருங்கும் இடம், என் தோள் நுழையாது. வசந்தத்தில் ஒல்லியான ஆள் யாரையாவது பிடித்து அங்கே ஃபோம் அடிக்க வேண்டும்.

அம்மா இப்போதும் ஃபோனில் முதலில் கேட்பது, "அந்த ஓட்டை மாத்தினியா?" ஓடே இல்லை அம்மா என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.