'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' படத்தில் ஜான் வெய்னுக்காகப் பாடியவர் யார்?

கேள்வி

1933இல் வெளிவந்த 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' படத்தை நேற்றிரவு பார்த்தேன். ஜான் வெய்ன் அதில் 'பாடும் சாண்டி' என்ற பெயரில் வருகிறார். எதிரியுடன் துப்பாக்கிச் சண்டைக்காகத் தெருவில் நடந்து வரும்போதுகூட, இரத்தம் ஓடப்போகிறது என்று பாடிக்கொண்டேதான் வருகிறார். அந்தக் காட்சி என்னை உலுக்கிவிட்டது. ஆனால் அவர் பேசும் குரலும் பாடும் குரலும் சற்றும் ஒட்டவில்லை. பாடியவர் யார்? பாடும் கௌபாய் படங்களின் தொடக்கம் இதுதானா?

மறுமொழி 1

உங்கள் ஐயம் சரியானதே, நண்பரே. அது வெய்னின் குரல் அன்று. படத்தின் இயக்குநர் ராபர்ட் பிராட்பரியின் மகன் பில் பிராட்பரி பாடியதாகவே இன்று பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. முன்பு நெடுங்காலம் ஸ்மித் பாலூ என்ற பாடகரின் பெயர் சொல்லப்பட்டு வந்தது. ரசிகர்கள் நேரில் பாடச் சொல்லிக் கேட்டபோது தாம் பட்ட சங்கடத்தை வெய்னே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

மறுமொழி 2

தொடக்கம் என்று இதைச் சொல்ல இயலாது. 1929இலேயே 'தி வேகன் மாஸ்டர்' படத்தில் கென் மேனார்ட் பாடிவிட்டார். ஆயினும், பாட்டையே நம்பி நிற்கும் கௌபாய் படம் என்று ஒன்று உருவானது வானொலிப் பாடகர் ஜீன் ஆட்ரியால்தான் என்பது என் உறுதியான கருத்து. 1934இல் மேனார்ட் நடித்த 'இன் ஓல்ட் சாண்டா ஃபே' படத்தில் சிறிது நேரமே தோன்றிப் பாடிய ஆட்ரி, அடுத்த ஆண்டே 'தி ஃபாண்டம் எம்பயர்' என்ற 12 பகுதித் தொடர்படத்தின் நாயகரானார். அதில் அவர் நிலத்தடி நகரம் ஒன்றில் சிக்கிக்கொண்டாலும், பிற்பகல் 2 மணிக்கு எப்படியாவது மேலே வந்து வானொலியில் பாடியாக வேண்டும்; பாடாவிட்டால் பண்ணை கைவிட்டுப் போகும். பாடுவதற்கு இதைவிட வலுவான காரணத்தை எந்தக் கதையும் ஒரு நாயகனுக்குத் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே 1935இல் ரிபப்ளிக் நிறுவனத்துக்காக ஜோசப் கேன் இயக்கிய 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்', ஆட்ரி நாயகராக நடித்த முதல் முழுநீளப் படம். அதன் கதையில், வீட்டைவிட்டுப் போய் ஐந்தாண்டுகளுக்குப் பின், ஊர் ஊராக மருந்து விற்கும் குழுவின் பாடகராகத் திரும்பி வரும் மகன், தந்தை கொல்லப்பட்டதை அறிகிறான். தந்தைக்குத் தான் தந்த துயரத்துக்கு ஈடுசெய்ய ஏங்கும் மகனின் பாட்டு ஒன்றும் அதில் இடம்பெறுகிறது. 1931இல் ஆட்ரியே இசைத்தட்டில் பாடிப் புகழ்பெற்ற பாட்டு அது. சிகாகோ வானொலியில் கேட்டுப் பழகிய அதே குரல், அதே பெயரில், திரையிலும் பாடியபோது மக்கள் அவரை உடனே நம்பினார்கள். இரவல் குரலில் பாடிய வெய்னுக்கு அந்த நம்பிக்கை வாய்க்க வழியில்லை.

மறுமொழி 3

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஆட்ரியின் படங்கள் 1950களில் தொலைக்காட்சியின் ஒரு மணி நேர ஒளிபரப்புக்காக ஏறத்தாழ 53 நிமிடங்களுக்கு வெட்டப்பட்டன. ஆகவே 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' பார்ப்பதாக இருந்தால், 61 நிமிடம் ஓடும் முழுப் படியைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அந்த 2 மணி வானொலிப் பாட்டுக்காகவே தொடர்படத்தின் 12 பகுதிகளையும் முதலில் பார்க்கப்போகிறேன்.