த்ராட்டில் பாடிக்கு ‘காற்றுமதகு’: ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டைத் திறந்து மூடிக் கூட்டிக் குறைக்கும் பாகம்தான் த்ராட்டில் பாடி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். இழையில் ஐயா ஒருவர் கடைசியாக எழுதியிருந்தது:

> நெரிப்பான் என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லின் பொருளும் அதுதானே.

ஐயா, பொருள் சரிதான்; த்ராட்டில் என்றால் நெரிப்பதுதான். ஆனால் பட்டறையில் அந்தச் சொல் குழப்பம் உண்டாக்கும். பழைய கார்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்பரேட்டரில் பெரும்பாலும் இரண்டு தட்டுகள் இருக்கும். மேலே இருப்பது சோக். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது காற்றை அடைத்து, கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவது அது. கீழே இருப்பதுதான் த்ராட்டில். இரண்டில் உண்மையில் நெரிப்பது சோக்தான். நெரிப்பான் என்ற பெயரை அதற்கு விட்டுவைப்பதே நியாயம். கார்பரேட்டர் கழற்றிப் பழகிய கைகள் நம் வடசென்னையில் வியாசர்பாடி, மூலக்கடைப் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஒரே பெயரை இரண்டு தட்டுக்கும் சொன்னால் அவர்கள் ஏற்கமாட்டார்கள்.

இதே இழையில் ஓர் அம்மா பரிந்துரைத்த ‘முடுக்கிக்கூடு’ பற்றியும் சொல்ல வேண்டும். முடுக்கி என்றதும் மனம் கால் மிதிக்கும் பெடலுக்குப் போகிறது, அங்கிருந்து பெட்ரோலுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் பெட்ரோல் பாயும் என்றே பலரும் நினைக்கிறோம். துறைமுகத்தை நம்பி லாரியும் டிரெய்லரும் ஓடும் நம் பகுதியில் இந்த எண்ணம் இன்னும் ஆழமானது. பழைய டீசல் இன்ஜினில் அது உண்மையும்கூட: மிதித்தால் பம்ப் கூடுதல் டீசலைத் தள்ளும், காற்றுக்குத் தடுப்பு எதுவும் கிடையாது. பெட்ரோல் இன்ஜின் வேறு. மிதிக்கும்போது திறப்பது காற்று வழி. உள்ளே போகும் காற்றை அளந்துதான் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, பெட்ரோலைப் பீய்ச்சுகிறது.

இது சொல் சண்டைக்காகச் சொல்வதல்ல. என் சித்தப்பாவிடம் ஒரு பழைய சான்ட்ரோ கார் இருக்கிறது. ‘ரேஸ் குடுத்தா ஓடுது, காலை எடுத்தா ஆஃப் ஆவுது’ என்று ஒரு பட்டறையில் விட்டார். பெட்ரோல் போதவில்லை என்று சொல்லி ஃப்யூயல் பம்பை மாற்றிவிட்டார்கள். நல்ல காசு போனது. பேசின் பிரிட்ஜ் சிக்னலில் ஏசி போட்டு நின்றால் வண்டி மறுபடியும் அணைந்தது.

பிறகு பெரம்பூரில் பார்த்த மெக்கானிக் பெட்ரோல் பக்கமே போகவில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே த்ராட்டிலின் பித்தளை நிறத் தட்டு; அதன் விளிம்பு உட்காரும் இடத்தில், சுற்றிலும் வளையம் போலக் கருப்புப் பிசுக்கு. இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி வருடக்கணக்காகப் படிந்து இறுகியது அது. தட்டு மூடியிருக்கும்போது விளிம்போரமாகவும் ஐடில் வால்வின் பக்கவழியாகவும் போகும் கொஞ்சக் காற்றில்தான் ஐடிலிங், அதாவது பெடலை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது, நிலைக்கிறது. அந்தச் சந்து அடைபட்டால், காலை எடுத்ததும் இன்ஜினுக்கு மூச்சில்லை. ஏசி போட்டால் சுமை கூடுவதால் இன்னும் சீக்கிரம் அணையும்.

சுத்தம் செய்யும் முன் அவர் பார்த்த இரண்டு விஷயங்களை இங்கே பதிய விரும்புகிறேன், ஏனென்றால் இவற்றுக்கும் நமக்குச் சொல் வேண்டும். தட்டைத் தாங்கும் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அதில் ஆட்டம் இருந்தால் ஓரமாகக் காற்று கசியும், ஆர்பிஎம் ஏறி இறங்கும், எவ்வளவு துடைத்தாலும் தீராது. பாடியையே மாற்ற வேண்டியதுதான். அடுத்து, சாவியை மட்டும் போட்டு, தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று இசியூவுக்குச் சொல்லும் சென்சாரான டிபிஎஸ்ஸின் சிக்னல் வயரில் மீட்டர் வைத்துப் பெடலை மெல்ல அழுத்தச் சொன்னார். மூடிய நிலையில் அரை வோல்ட் அளவில் தொடங்கி, முழுக்கத் திறக்கும்போது நாலரை வோல்ட் பக்கம் ஏற வேண்டும். நடுவில் சட்டென்று விழுந்து எழுந்தால் சென்சாரின் உள்தடம் தேய்ந்திருக்கிறது. இதைப் பார்க்க முள் மீட்டரே நல்லது என்றார். டிஜிட்டலில் எண் மாறுவதற்குள் அந்தச் சறுக்கல் கடந்துவிடும். தட்டை நிறுத்தும் சின்ன ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. அது கம்பெனியில் வைத்த அளவு. அதைத் திருகி ஐடிலிங்கை ஏற்றுபவர்கள் உண்டு, அதோடு டிபிஎஸ் கணக்கும் கெட்டுப்போகும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பெயரிலேயே காற்று இருக்க வேண்டும். அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து அளவோடு விடுவது என்ற பொருளும் வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு அப்படி ஒரு சொல் பழக்கமாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் புழல் ஏரி மதகு திறப்பு, வினாடிக்கு இத்தனை கனஅடி என்று செய்தி வந்தால் மாதவரமும் மணலியும் காது கொடுக்கும். ஆகவே ‘காற்றுமதகு’.

இதிலிருந்து மற்றவையும் சிரமமில்லாமல் வருகின்றன: தட்டுக்கு மதகுத்தட்டு, தண்டுக்கு மதகுத்தண்டு, டிபிஎஸ்ஸுக்கு மதகுநிலை உணரி. நீராவி இன்ஜினுக்கும் இது பொருந்தும், அங்கே நீராவிமதகு. ‘மடை’ என்றும் யோசித்தேன். சுருக்கமான, அழகான சொல்தான். ஆனால் அது நீர் பாயும் வாய்க்காலையும் குறிக்கும் என்பதால் கருவிப் பெயருக்கு மதகே துல்லியம் என்று படுகிறது.

ஐடில் வால்வுக்குத்தான் எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘பக்கவழி மதகு’ என்றால் வேலை நடக்கும், ஆனால் ஐடிலிங் என்ற செய்தி அதில் வரவில்லை. முதலில் ஐடிலிங்குக்கு ஒரு சொல் முடிவானால் இது தானாக அமையும். பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள், தங்கள் ஊரில் அதற்கு வேறு பேச்சு வழக்கு இருந்தால் எழுதுங்கள்.