மாதிரி நிரலில் “சேனல் மாறியது” என்று வருவது பொய்

சேனல்மாற்றி:
டிவி பார்க்கும் செயலியை வெளியிலிருந்து இயக்கிக் காட்டும் அந்த விண்டோஸ் மாதிரி நிரலைப் பற்றி வரிக்குவரி என்பவர் நேற்று எழுதியிருந்தார்: “குறையே இல்லாத மாதிரி, அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நிரலைப் பார்க்காதவர்களுக்கு: நாலு பட்டன் உள்ள சின்ன விண்டோ, அடியில் ஒரு நிலைப்பட்டி. சேனல் பட்டனை அழுத்தினால் ஃபைண்ட்விண்டோ என்ற விண்டோஸ் ஃபங்ஷன் டிவி செயலியை அதன் விண்டோ தலைப்பை வைத்துத் தேடும். போஸ்ட்மெசேஜ் என்ற இன்னொரு ஃபங்ஷன் அதற்கு ஆப்கமாண்ட் 51 என்ற கட்டளையை மெசேஜாக அனுப்பும். 51 என்றால் அடுத்த சேனல், 52 என்றால் முந்தையது. போஸ்ட்மெசேஜ் பூஜ்யம் தராவிட்டால் உடனே பட்டியில் “சேனல் மாறியது” என்று வரும்.

மாறியதை யார் பார்த்தது? மெசேஜ் டிவி செயலியின் வரிசையில் விழுந்தது என்பதற்கு மட்டும்தான் அந்த விடை. செயலி அதை இன்னும் எடுத்துக்கூடப் பார்த்திருக்காது. பட்டியில் வருவது பொய்.

வரிக்குவரி:
ஒரு பட்டியில் வரும் இரண்டு வார்த்தைக்கா இத்தனை கோபம்? விண்டோவைப் பிடிப்பது எப்படி, கட்டளை அனுப்புவது எப்படி என்று சொல்லித்தர எழுதிய நிரல் அது. சொல்லித்தருகிறது. போஸ்ட்மெசேஜ்தான் சரி. சென்ட்மெசேஜ் போட்டால் எதிர்ப்பக்கம் வேலையை முடிக்கும்வரை உங்கள் விண்டோவும் சேர்ந்து உறையும். செய்து பார்த்துவிட்டு வாங்க தம்பி.

சேனல்மாற்றி:
முதலில், என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம். உங்கள் வயதும் எனக்குத் தெரியாது, என் வயதும் உங்களுக்குத் தெரியாது.

செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சிக்னல் இல்லாத அலைவரிசையில் என் டிவி செயலி தேடிக்கொண்டே உறைந்து நின்றது. திரை கறுப்பு. பட்டனை ஆறு முறை அழுத்தினேன். ஆறு முறையும் “சேனல் மாறியது”. தேடல் முடிந்ததும் வரிசையில் கிடந்த ஆறு மெசேஜும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய், சேனல் தடதடவென்று ஆறு தாண்டி எங்கேயோ போய் நின்றது. இதைத்தான் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிறீர்கள்.

வரிக்குவரி:
அது அலைவரிசையைப் பிடிக்கும் உங்கள் ட்யூனரின் பிரச்சினை. ஆறு முறை அழுத்தியது உங்கள் விரல்.

ஆண்டெனா:
இரண்டு பேருமே பழைய வழியில் நின்று சண்டை போடுகிறீர்கள். விண்டோ மெசேஜே எதற்கு? கோடி என்ற மீடியா செயலியைப் பாருங்கள் (2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்ததே, அதுதான்). 9090 போர்ட்டில் ஜேசன்-ஆர்பிசி (ஒரு நிரல் இன்னொன்றிடம் கேட்டுப் பதில் வாங்கும் முறை) வழியாகக் கேட்கலாம். ஓட ஆரம்பித்ததும் பிளேயர்.ஆன்பிளே என்று அதுவே திரும்பிச் சொல்லும்.

சேனல்மாற்றி:
அந்த மாதிரி நிரல் கோடிக்கு எழுதியதா? இல்லையே. பேச்சை மாற்றாதீர்கள். ஆனால் நீங்களே ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்: செயலி திரும்பிச் சொன்ன பிறகுதான் மாறியது என்று எழுத முடியும். இங்கே யாரும் எதுவும் திரும்பிச் சொல்லவில்லை.

ஆண்டெனா:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல வழி ஒன்றைச் சொன்னேன். வேண்டாம் என்றால் விடுங்கள்.

பழையபெட்டி:
நானும் ஒன்று கேட்கிறேன். இதே நிரலில் ஒலி கூட்டும் பட்டன் டிவி செயலியின் ஒலியைக் கூட்டாமல் கணினி முழுக்க ஒலியைக் கூட்டுகிறது என்று முன்பு எழுதினேன். “உங்கள் கணினியைச் சரிபாருங்கள்” என்று ஒற்றை வரியில் அனுப்பிவைத்தார் வரிக்குவரி. ராத்திரி நேரத்தில் வீடே எழுந்துவிட்டது. ஒலி கூட்டும் கட்டளையான ஆப்கமாண்ட் 10-ஐ டிவி செயலி கையாளாவிட்டால் அது விண்டோஸுக்கே போய்விடும், அது மொத்த ஒலியையும் ஏற்றிவிடும் என்று நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

வரிக்குவரி:
அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்களா! எந்தச் செயலி என்றே நீங்கள் அன்று சொல்லவில்லை.

பழையபெட்டி:
சொன்னேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது. நீங்கள் படிக்கவில்லை.

சேனல்மாற்றி:
அவருக்குச் செய்ததைத்தான் எனக்கும் செய்கிறீர்கள்: அவருக்குக் கணினி, எனக்கு ட்யூனர், விரல். நிரலில் மட்டும் தப்பே இருக்காது.

சரி, ட்யூனரையே விடுங்கள். நேற்று ராத்திரி டிவி செயலியை முழுக்க மூடிவிட்டு மாதிரி நிரலை மட்டும் திறந்தேன். பட்டனை அழுத்தினேன். “சேனல் மாறியது” என்றது. டிவியே ஓடவில்லை! காரணம் எளிது. ஃபைண்ட்விண்டோ எதுவும் கிடைக்காமல் நல் (“எதுவும் இல்லை” என்ற மதிப்பு) தருகிறது. அதைப் பார்க்காமல் போஸ்ட்மெசேஜிடம் கொடுக்கிறார்கள். விண்டோ இடத்தில் நல் வந்தால் போஸ்ட்மெசேஜ் மெசேஜை மாதிரி நிரலின் சொந்தத் திரெட்டுக்கே (அந்த நிரல் ஓடும் இழைக்கே) போட்டுக்கொண்டு, வெற்றி என்று திரும்பும். சேனல் பெயரைத் தலைப்பில் காட்டும் செயலிகளில் இது தினமும் நடக்கும்: தலைப்பு மாறிய நொடியே ஃபைண்ட்விண்டோ தோற்கும், பட்டியோ மாறியது, மாறியது என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

வரிக்குவரி:
நல் வந்ததா என்று பார்க்க ஒரு இஃப் நிபந்தனை போதும். அதைக்கூடப் போட்டுக்கொள்ளத் தெரியாதவர் நிரல் எழுத ஏன் வருகிறார்? போஸ்ட்மெசேஜ் சரியா தப்பா என்பதுதானே பேச்சு? அது சரிதான்.

சேனல்மாற்றி:
போஸ்ட்மெசேஜ் தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? பட்டியில் வருவது பொய் என்றேன். முதல் வரியிலிருந்து அதையேதான் சொல்கிறேன். அனுப்பும் வேலைக்கு சென்ட்மெசேஜ்டைம்அவுட் இருக்கிறது. ஒரு நொடி கெடு வைத்தால் உங்கள் விண்டோவும் அதற்கு மேல் உறையாது, எதிர்ப்பக்கம் ட்ரூ (ஆம்) தந்தால் கட்டளையை எடுத்துக்கொண்டது என்றாவது தெரியும்.

வரிக்குவரி:
பார்த்தீர்களா! ட்ரூ வந்தாலும் எடுத்துக்கொண்டது என்றுதான் தெரியும். ட்யூனர் அலைவரிசையைப் பிடித்துப் படம் வர அதற்கப்புறமும் நேரமாகும். அப்படியென்றால் உங்கள் வழியிலும் பட்டியில் வருவது பொய்தான்.

சேனல்மாற்றி:
என் வழியில் பட்டியில் “கட்டளை ஏற்கப்பட்டது” என்று வரும். “சேனல் மாறியது” என்று வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் முதலிலிருந்து காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டெனா:
கோடியில் இந்தத் தலைவலியே இல்லை என்று மறுபடியும் சொல்லி வைக்கிறேன்.

பழையபெட்டி:
என் ஒலி விஷயத்துக்கு வரிக்குவரி இன்னும் பதில் சொல்லவில்லை.

வரிக்குவரி:
சொல்லிவிட்டேன். மாதிரி நிரல் என் கணினியில் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, பட்டனை அழுத்தினால் சேனல் மாறுகிறது. வேறென்ன வேண்டும்?

சேனல்மாற்றி:
டிவி செயலியை மூடிவிட்டு அதே பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். பட்டியில் என்ன வருகிறது என்று இங்கே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.