மேட்டுப்பாளையம் டீலரிடம் டிஎன் 43 ஆல்ட்டோவைக் கொடுத்து ஸ்விஃப்ட் எடுக்கலாமா?

கோத்தகிரி தேயிலைக்காரன்:
வணக்கம். வீட்டில் 2013 ஆல்ட்டோ 800 இருக்கிறது, டிஎன் 43, அதாவது நீலகிரி நம்பர், முதல் ஓனர் நான்தான். மேட்டுப்பாளையத்தில் ஒரு டீலரிடம் 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல் பார்த்து வைத்திருக்கிறேன். டிஎன் 66, கோயம்புத்தூர் நம்பர், இரண்டாவது ஓனர். ஆல்ட்டோவை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்று 1,05,000 சொல்கிறார். "மலை வண்டி, கிளட்ச் போயிருக்கும், அடியில் துரு இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே விலையை அடிக்கிறார். துரு இருப்பது உண்மை. கிளட்ச் போன வருஷம்தான் மாற்றினேன், பில் இருக்கிறது.

விலை கூடப் பரவாயில்லை. ஓனர் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து கேட்கிறார். "பார்ட்டி வந்ததும் நேரா அவங்க பேருக்கே மாத்திடுவோம்ணா, ரெண்டு தடவை செலவு எதுக்கு" என்கிறார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களா? ஸ்விஃப்டில் எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

அருவங்காடு அக்கா:
தம்பி, கையெழுத்து போடாதீங்க.

எங்கள் சாண்ட்ரோவைக் கோயம்புத்தூரில் ஒரு டீலருக்குக் கொடுத்தோம். 2019-ல். பணம் அன்றைக்கே கைக்கு வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த வருஷம் பல்லடத்திலிருந்து போலீஸ் போன். உங்கள் வண்டி ஒரு பைக்கை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது, ஓனர் வரணும் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் வாழ்க்கையில் பல்லடம் பார்த்ததில்லை. விசாரித்தால், நாங்கள் கொடுத்த டீலர் இன்னொரு டீலருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார், அவர் பொள்ளாச்சியில் யாருக்கோ விற்றிருக்கிறார், அந்த ஆள் பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் மடித்த மடிப்போடு டேஷ்போர்டில் கிடந்ததாம். டீலரைக் கேட்டால், "நான் வித்துட்டேனே சார்" என்று ஒரே பதில். இன்சூரன்ஸ் காலாவதி ஆகாமல் இருந்ததால் பிழைத்தோம்.

அப்போது வக்கீல் சொன்னதைச் சொல்கிறேன். நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. வண்டியை விற்றதும் உண்மை, ஒப்படைத்ததும் உண்மை, ஆனாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுப் பொறுப்பு அவருக்குத்தான். அந்த வழக்கிலும் வண்டி இப்படித்தான் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது.

இப்போது வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், அது ஃபார்ம் 29-பி. அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியைக் கொடுக்கும்போது நீங்களும் அவரும் சேர்ந்து, வண்டியை ஒப்படைத்தாயிற்று என்று தெரிவிக்கிற 29-சி ஃபார்மை ஆன்லைனில் போட்டுவிட்டால், அதற்கப்புறம் வண்டிக்குப் பொறுப்பு அவர். 29-பி காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டினால் பேசலாம். "பழக்கத்துல பண்றோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபாஸ்டேகைக் கிழித்து எடுத்து அக்கவுன்டையும் மூடிவிடுங்கள். கிளைம் கேட்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கிற தள்ளுபடி, அதுதான் நோ கிளைம் போனஸ், வண்டியோடு போகாது, அது உங்களுடையது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் 3 வருஷத்துக்குள் அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம். டீலர் இதைச் சொல்லவே மாட்டார்.

கூடலூர் ஜீப்:
அக்கா சொன்னதுக்கு மேல் ஒன்று. டிஎன் 43 வண்டியை ஏன் கீழே கொண்டுபோய் விற்கிறீர்கள்? 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு நம் நம்பருக்கு மேலே தனி மவுசு. டிஎன் 43-க்கு இ-பாஸ் தேவையில்லை. கீழே இருப்பவருக்கு அது மலை வண்டி, மேலே இருப்பவருக்கு செக்போஸ்ட் தொல்லை இல்லாத வண்டி. கட்டபெட்டு, அரவேணு பக்கம் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஸ்விஃப்ட் பில்லில் 18% ஜிஎஸ்டி என்று தனியாக ஏற்றினால் விடாதீர்கள். அது டீலரின் வாங்கின விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான், முழு விலைக்கு இல்லை.

ஊட்டி ஒர்க்‌ஷாப்:
ஸ்விஃப்டுக்கு வருகிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் போய் நிற்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது தண்ணியில் நின்ற வண்டி. 2023 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எங்கெங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

டீலர் ஊட்டி ரோட்டில் நேராக ரெண்டு கிலோமீட்டர் காட்டுவார். அது போதாது. கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனை வரை ஏசி போட்டு ஏற்றுங்கள். நாலாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. டெம்பரேச்சர் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். இறங்கும்போது ரெண்டாவது கியரில் விட்டு வாருங்கள், பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஏற்ற விடமாட்டேன் என்கிற டீலரிடம் நம் ஊர்க்காரன் வண்டி வாங்கக்கூடாது.

கோத்தகிரி தேயிலைக்காரன்:
29-பி கேட்டேன். "அப்ளை பண்ணியிருக்கோம்ணா" என்றார். ஆல்ட்டோவைக் கொடுக்கவில்லை. அரவேணுவில் ஒரு வாத்தியார் 1,30,000-க்குக் கேட்டிருக்கிறார், நேரடியாக அவர் பெயருக்கே மாற்றிக்கொள்கிறாராம். ஸ்விஃப்டைக் குஞ்சப்பனை வரை ஓட்டிப் பார்க்க டீலர் ஒத்துக்கொண்டார், பெட்ரோல் என் செலவு. ஸ்விஃப்ட் ஆர்சி யார் பெயரில் இருக்கிறது, அவர் கையெழுத்து எங்கே என்றும் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஊட்டி ஒர்க்‌ஷாப்:
அந்தப் பதில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீங்க. டயர் பக்கவாட்டில் அது எப்போது தயாரானது என்று நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்க.