வங்கதேச நாடக நடிகர் அலி ஜாக்கரை மேடையில் பார்த்தவர்கள் எழுதுங்களேன்

திருப்பூர்க்காரன்:
டாக்காவில் கார்மெண்ட்ஸ் வேலையில் இருந்தபோது, 2018-இல், கூட வேலை பார்த்தவர் 'கலிலியோ' நாடகத்துக்குக் கூட்டிப்போனார். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகம். 1988-இல் நாகரிக் நாட்ய சம்பிரதாய் என்ற நாடகக் குழு அதை வங்காளத்தில் போட்டபோதும் அலி ஜாக்கர்தான் கலிலியோ. பல வருஷம் நின்றுபோன நாடகம், மறுபடி மேடையேறியபோது அவர் எழுபதைத் தாண்டிவிட்டார். உடம்பில் புற்றுநோய் வேறு.

ஃபேக்டரியில் பேசிப் பழகிய வங்காளம்தான் எனக்குத் தெரியும், அதனால் வசனம் பாதி பிடிபடவில்லை. ஆனால் அந்த ஒரு காட்சி இருக்கிறதே! கலிலியோ தன் கொள்கையைக் கைவிட்டால் மாதா கோயில் மணி அடிக்கும். நேரம் கடந்தும் அடிக்கவில்லை என்று சீடர்கள் குதிக்கிறார்கள். அப்போது அடிக்கிறது மணி. அவர் உள்ளே வருகிறார். அதுவரை அரங்கையே நிறைத்த கனத்த குரல். இப்போது வாய் திறக்காமல் நிற்கிறார். பக்கத்து சீட்டு நண்பர் என் முழங்கையைப் பிடித்தவர், காட்சி முடியும்வரை விடவில்லை.

இடைவேளையில் அந்த நண்பர்தான் சொன்னார்: 1971 போரின்போது சுதந்திர வங்க வானொலியில் வேலை செய்தவர் ஜாக்கர். நாடு விடுதலையானதும் மேடைக்கு வந்தார். 1973 பிப்ரவரியில், பாதல் சர்க்காரின் 'பாக்கி இதிஹாஸ்' நாடகத்தை இயக்கி, டிக்கெட் விற்று, தொடர்ந்து நடத்திக் காட்டினார். டாக்காவில் காசு கொடுத்து நாடகம் பார்க்கும் பழக்கமே அங்கிருந்துதான் வேர்விட்டது. பகலில் ஆசியாட்டிக் என்ற விளம்பர நிறுவனத்தை நடத்திக்கொண்டே இதையெல்லாம் செய்திருக்கிறார். அவருடைய எத்தனை வேஷங்களைப் புகழ்ந்தாலும், இந்த டிக்கெட் விஷயத்தைத்தான் நான் முதலில் வைப்பேன்.

மீர்பூர் வாசி:
அண்ணே, எங்கள் வீட்டு ஓனரம்மாவுக்கு அவர் 'மாமா'தான். 1988-89-இல் பங்களாதேஷ் டிவியில் வந்த எழுத்தாளர் ஹுமாயூன் அகமதின் 'பகுப்ரீகி' தொடரில், சினிமா எடுக்கக் கிளம்பும் மாமாவாக நடித்தார். அது ராணுவ ஜெனரல் எர்ஷாத் ஆட்சிக்காலம். 1971-இல் பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணைபோன ரசாக்கர்களைப் பற்றி அரசு டிவியில் மூச்சு விட முடியாது. மனிதர்கள் சொல்ல முடியாததைக் கிளி சொல்லட்டும் என்று வைத்தார்கள்: "துய் ரசாக்கார்!" நீ ஒரு ரசாக்கர் என்று. எழுபது வயது ஓனரம்மா, மீன் ஆய்ந்துகொண்டே அந்தக் கிளி மாதிரிக் கீச்சுக்குரலில் சொல்லிக் காட்டுவார். மருமகளும் உள்ளேயிருந்து அதே குரலில் பதில் கொடுப்பார்.

கொழும்பு நண்பர்:
தம்பிமார், அவர் காலமானபோது நான் டாக்காவிலதான் இருந்தனான். 2020 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. புற்றுநோயோட கொரோனாவும் சேர்ந்திட்டுது. கொரோனாப் பயத்துக்குள்ளயும் அகர்காவ் விடுதலைப் போர் அருங்காட்சியகத்தில அஞ்சலிக்கு வைச்சவை. அந்த அருங்காட்சியகத்தை உருவாக்கின அறங்காவலர்களில அவரும் ஒருவர் எண்டது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். பிறகு பனானி மயானத்தில அடக்கம்.

திருப்பூர்க்காரன்:
நன்றி அண்ணா, அருங்காட்சியகச் சேதி எனக்குப் புதுசு. சையது ஷம்சுல் ஹக்கின் 'நூருல்தினேர் சாராஜீபன்' நாடகத்தில், ரங்பூர் விவசாயிகளைத் திரட்டிய நூருல்தினாக அவர் நின்றதைப் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? "ஜாகோ பாஹே" (எழுந்திருங்கப்பா) என்று அவர் கூப்பிடும் இடத்தை நண்பர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். டாக்கா பெய்லி சாலை பழைய மகளிர் சமிதி அரங்கில் பார்த்திருந்தால், தயவுசெய்து விரிவாகவே எழுதுங்கள்.