பிரீமியர் லீக் ஹால் ஆஃப் ஃபேம்: அடுத்து யாரை எடுக்கணும்?

வலதுகோடி:
இங்கிலாந்தின் உச்சக் கால்பந்து லீகான பிரீமியர் லீகின் இந்தக் கௌரவப் பட்டியலில், 2021-ல் ஷியரர், ஹென்றியில் ஆரம்பித்து 2025-ல் கேரி நெவில், ஹசார்டு வரை 26 பேர் உள்ளே போய்விட்டார்கள். பயிற்சியாளர்களான ஃபெர்குசன், வெங்கர் இருவரையும் கழித்தால் 24 ஆட்டக்காரர்கள். அதில் ஃபார்வர்டு 9, நடுக்களம் 7, டிஃபெண்டர் 6, கோல்கீப்பர் இரண்டே இரண்டு பேர்: ஷ்மைக்கேல், செக். ஓய்வு பெற்றவர்களில் அடுத்த இடம் யாருக்கு? ஒரே ஒரு பெயர், காரணத்தோடு சொல்லுங்க. கிக்ஸை விட்டுடலாம்; 13 பட்டமும் 162 அசிஸ்டும் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்) உள்ளவருக்கு யாரும் வாதாடத் தேவையில்லை.

ஆஃப்சைடு:
பெயர் சொல்வதற்கு முன் விதியைப் பார்த்துடுங்க, பாதிச் சண்டை அதிலேயே முடிஞ்சுடும். பிரீமியர் லீகில் ஆடியது மட்டும்தான் கணக்கு. சாம்பியன்ஸ் லீக், உலகக் கோப்பை, எஃப்ஏ கப் எதுவும் சேராது. 1992-க்கு முன் உச்ச லீகாக இருந்த முதல் டிவிஷனும் சேராது. லீட்ஸோடு கான்டனா 1992-ல் வாங்கிய பட்டம்கூட இதில் வராது. மான்செஸ்டர் யுனைடெடோடு வாங்கிய நாலுதான் வரும்.

தகுதிக்கு 250 ஆட்டம் வேணும். இல்லையென்றால் இவற்றில் ஒன்று இருந்தால் போதும்: ஒரே கிளப்புக்கு 200 ஆட்டத்துக்கு மேல், மூன்று பட்டம், 100 கோல் அல்லது 100 க்ளீன் ஷீட் (கோலே விடாத ஆட்டம்), கோல்டன் பூட் (சீசனில் அதிக கோல்) மாதிரி சீசன் விருது, லீகின் 10 அல்லது 20 ஆண்டு நிறைவுக்குத் தேர்ந்தெடுத்த அணியில் இடம். 156 ஆட்டம் மட்டுமே ஆடிய கான்டனா பட்டக் கணக்கில் உள்ளே வந்தவர். அதனால் "ஆட்டம் குறைவு" என்று யாரையும் தள்ளிவிட முடியாது.

நாலாம் நம்பர்:
யுனைடெட் டிஃபெண்டர் விடிச். சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதை லீக் வரலாற்றில் இரண்டு முறை வாங்கியவர்கள் ஹென்றி, ரொனால்டோ, விடிச், டி பிராய்னா, சலா. இவர்களில் டிஃபெண்டர் விடிச் ஒருத்தர்தான். ஹென்றி முதல் நாளே உள்ளே போயாச்சு. 2008-09, 2010-11 என்று இரண்டு விருது, ஐந்து பட்டம், 211 ஆட்டம் இருந்தும் விடிச் இன்னும் வெளியே நிற்கிறார்.

2008-09 சீசனைத் தனியா எடுத்துப் பாருங்க. யுனைடெட் 38 ஆட்டத்தில் வாங்கியது 24 கோல். அவர்களுடைய கோல்கீப்பர் வான் டெர் சார் தொடர்ந்து 1311 நிமிடம் கோலே விடவில்லை. அதற்கு முன் 2004-05-ல் செக் வைத்திருந்த சாதனை 1025. அந்த ஓட்டத்துக்கு நடுவிலேயே சண்டர்லாந்தோடு ஆடிய ஆட்டம் 90 நிமிடம் தாண்டியும் 0-0. கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தை உள்ளே தள்ளி ஆட்டத்தை முடித்தது விடிச்.

பெனால்டி பெட்டி:
நாலாம் நம்பர், அந்த 1311 நிமிடத்தை டிஃபெண்டர் கணக்கில் எழுதினால் கோல்கீப்பருக்கு என்ன மிச்சம்? அதே சீசனில் 21 க்ளீன் ஷீட்டோடு, அதிக க்ளீன் ஷீட்டுக்கான கோல்டன் க்ளவ் வாங்கியது வான் டெர் சார்தானே. அதோடு 2009 மார்ச்சில் லிவர்பூல் ஓல்டு டிராஃபோர்டில் 4-1 ஜெயித்த ஆட்டத்தை மறக்க முடியுமா? நீளமா வந்த பந்தைத் தலையால் அடிக்காமல் விடிச் தரையில் குத்த விட்டார், டோரஸ் பறிச்சுட்டுப் போய் கோல் போட்டார். பிறகு ஜெரார்டை இழுத்து சிவப்பு அட்டை வேற.

என் ஆள் லிவர்பூல் ஃபார்வர்டு ஃபவுலர். ஓய்வு பெற்றவர்களின் கோல் பட்டியல்: ஷியரர் 260, ரூனி 208, ஆண்டி கோல் (Cole) 187, அகுவேரோ 184, லாம்பார்டு 177, ஹென்றி 175. ஆறு பேரும் உள்ளே. வரிசையில் அடுத்த பெயர் ஃபவுலர், 163. 1994-95-ல் 25 கோல், அடுத்த சீசனில் 28. இரண்டு வருஷமும் ஷியரர் 34, 31 என்று அடித்ததால்தான் கோல்டன் பூட் கிடைக்கவில்லை. 1994 ஆகஸ்டில் ஆர்சனலுக்கு எதிராக 4 நிமிடம் 33 விநாடியில் அடித்த ஹாட்ரிக் (மூன்று கோல்) சாதனையை 2015-ல்தான் மானே முறியடித்தார்.

ஆஃப்சைடு:
அந்த டோரஸ் கோல் விடிச் தவறுதான், மறுக்கவே முடியாது. ஆனால் அவர் விருது வாங்கியது அந்தத் தவறு நடந்த அதே சீசனில். மற்ற ஆட்டங்கள் எப்படி இருந்தன என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?

ஃபவுலர் விஷயத்தில் எனக்கு நெருடுவது வேற. 163 கோல் சரி, ஆனால் லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. பட்டம் பொருட்டில்லை என்றால் லெ டிசியே முன்னால் வருவார். 1993-94-ல் சவுத்தாம்ப்டன் போட்ட 49 கோலில் 25 அவருடையது. அணி ஒரே ஒரு புள்ளியில் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பியது. அந்த சீசனில் நியூகாஸிலுக்கு எதிராக, பின்னால் விழுந்த பந்தைக் குதிகாலால் முன்னே தட்டி ஒருத்தரைத் தாண்டி, அடுத்தவர் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, பந்து இறங்கும்போது பக்கவாட்டுக் காலால் மூலையில் வைத்தார். கிளப்பே மாறாமல் ஆடி 100 லீக் கோல்.

வலதுகோடி:
மான்செஸ்டர் சிட்டியின் டேவிட் சில்வாவை யாருமே சொல்லலையே? 309 ஆட்டம், 93 அசிஸ்ட், 60 கோல், நாலு பட்டம்.

நாலாம் நம்பர்:
சில்வாவுக்கு என் ஓட்டு உண்டு, விடிச்சுக்கு அடுத்தபடியா. 2011-12-ல் லீகிலேயே அதிக அசிஸ்ட் அவருடையது, 15. சிட்டி யுனைடெடை 6-1 அடித்த ஆட்டத்தின் கடைசி கோலைப் பாருங்க: வந்த பந்தைத் தரையில் நிறுத்தாமல் அப்படியே வாலியில் சக ஆட்டக்காரர் ஜெக்கோ ஓடும் பாதைக்கு அனுப்பினார். சில்வா ஓய்வு பெற்றது 2023-ல்தான், அவர் முறை வரும். விடிச் 2016-லேயே ஓய்வு அறிவித்தவர். அவருக்குப் பிறகு ஆட்டத்தை விட்ட ஹசார்டு உள்ளே போன பின்னும் அவரைக் காக்க வைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பெனால்டி பெட்டி:
அந்த இரண்டு விருதுக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கிறேன். விடிச் முதலில் போகட்டும். ஆனால் வான் டெர் சாரும் அதே மேடையில் ஏறணும். 313 ஆட்டத்தில் 132 க்ளீன் ஷீட், அதில் நாலு வருஷம் ஃபுல்ஹாமில்.