குடல் சுவரின் பெப்டைடுகளும் அழற்சியும்: நேரில் கண்டதைப் பகிருங்கள்

பெப்டைடு ஆய்வாளர்:

சிறு புரதத் துண்டுகளான நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கும்போது கதை நேர்க்கோட்டில் போகிறது. குடல் சுவர் இவற்றைச் சுரக்கிறது. இவை பாக்டீரியாக்களைக் கொல்கின்றன. சுரப்பு குறைந்தால் அழற்சி வருகிறது. ஆகவே வெளியிலிருந்து கொடுத்தால் நோய் அடங்கும். அந்தக் கடைசி வரியின் மேல் வைத்த ஆசையால்தான் நான் இத்துறைக்கு வந்தேன். அந்த ஆசை இன்னும் விடவில்லை. ஆனால் ஆய்வக மேசையில் இந்த வரிகள் ஒவ்வொன்றும் எப்படி ஆட்டம் காண்கின்றன என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

என் கையில் முதலில் ஆட்டம் கண்டது கொல்லும் திறன்தான். உப்பு குறைந்த கரைசலில் ஈ.கோலையை விரைவில் ஒழித்த டிஃபென்சின் என்ற குடல் பெப்டைடு, இரத்தத்தில் இருக்கும் அளவுக்குச் சோடியம் குளோரைடைச் சேர்த்தவுடன் ஏறக்குறைய செயலற்றுப்போனது. பெப்டைடு நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது. அந்த ஈர்ப்பில்தான் எல்லாம் தொடங்குகிறது. உப்பின் அயனிகள் நடுவில் புகுந்ததும் ஈர்ப்பு தளர்ந்துவிடுகிறது. போதாததற்கு, இந்தப் பெப்டைடுகள் கண்ணாடியிலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்கின்றன. தட்டின் குழியில் நாம் விட்ட அளவு வேறு, பாக்டீரியாவைப் போய்ச் சேரும் அளவு வேறு. அவ்வளவாக ஒட்டாத பாலிபுரொப்பிலீன் தட்டில் எடுக்காத எண்களை நான் இப்போது சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

அப்படியானால் உப்பு நிறைந்த குடலில் இவை எப்படி வேலை செய்கின்றன? இடம்தான் விடை என்று நினைக்கிறேன். சிறுகுடல் குழிகளின் அடியில் பேனெத் செல்கள் என்ற சுரப்புச் செல்கள் தங்கள் துகள்களை வெளியேற்றும்போது, அந்தக் குறுகிய இடத்தில் செறிவு மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் ஏறுகிறது. நாம் சோதனையில் மைக்ரோகிராம்களோடு மல்லாடுகிறோம். இன்னொன்று, எல்லாப் பெப்டைடும் கொல்வதற்காகவே இருப்பதில்லை. மனித ஆல்ஃபா டிஃபென்சின்-6 பாக்டீரியாவை நேரடியாகக் கொல்வதில் மிகவும் பலவீனமானது. அது நுண்ணிய இழைகளாகக் கோத்துக்கொண்டு வலை பின்னி, பாக்டீரியா சுவரை நெருங்கவிடாமல் சிக்கவைக்கிறது என்று 2012-இல்தான் தெரியவந்தது. கொல்கிறதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் அதை நாம் ஒதுக்கியே வைத்திருப்போம்.

தோழர்களே, ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கம் வேண்டாம். கண்ணால் பார்த்தது, கையால் செய்தது, உடலால் பட்டது, எதுவானாலும் எழுதுங்கள்.

திசுநோயியல் மருத்துவர்:

நுண்ணோக்கியின் கீழ் நான் அன்றாடம் தேடுவது இந்தப் பேனெத் செல்களைத்தான். 1888-இல் யோசப் பேனெத் விரிவாக விவரித்தவை. ஈயோசின் சாயம் ஏறியதும் குழியின் அடியில் செந்நிறத் துகள்களோடு பளிச்சென்று நிற்கும். பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி, டிஃபென்சின்-5, டிஃபென்சின்-6 எல்லாம் அந்தத் துகள்களுக்குள்தான் இருக்கின்றன.

இயல்பான உடலில் இவை சிறுகுடலிலும், பெருங்குடலின் வலப்பக்கத் தொடக்கத்திலும் இருக்கும். இடப்பக்கப் பெருங்குடலில் இருக்கக் கூடாது. பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நெடுநாளாக உள்ள ஒருவரின் திசு ஆய்வு என் மேசைக்கு வந்தது. கொலோனோஸ்கோப்பி அறிக்கையில் இடப்பக்கம் அமைதியாக இருப்பதாக எழுதியிருந்தார்கள். திசுவில் அழற்சிச் செல்களும் அதிகம் இல்லை. ஆனால் குழிகளின் அடியில் பேனெத் செல்கள் வரிசையாக நின்றன. பழைய அழற்சி அந்த இடத்தின் இயல்பையே மாற்றி, அதுவரை இல்லாத உற்பத்தியைத் தொடங்கிவைத்திருந்தது. அழற்சி என்றால் பெப்டைடு குறையும் என்று மட்டும் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இத்தகைய கண்ணாடித் தகடுகளைத்தான்.

குறைவு பற்றிய விவாதத்தையும் சொல்லியாக வேண்டும். குடலின் நாள்பட்ட அழற்சி நோயான கிரோன் நோய் சிறுகுடலின் கடைப்பகுதியான இலியத்தைத் தாக்கும்போது ஆல்ஃபா டிஃபென்சின்கள் குறைகின்றன, பாக்டீரியாவை உணர உதவும் நாட்-2 மரபணுவில் மாற்றம் உள்ளவர்களிடம் இன்னும் குறைகின்றன என்று ஜெர்மனியின் வேகாம்ப், ஸ்டாங்கே குழுவினர் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் எழுதினார்கள். குறைவுதான் நோயின் வேர் என்பது அவர்கள் கருத்து. 2008-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று அதை மறுத்தது: குறைவு அழற்சியோடு சேர்ந்து வருகிறது, நாட்-2 மாற்றத்தோடு அல்ல என்றது. என் மனம் இந்தக் கேள்வியில் இரண்டாவது தரப்பின் பக்கமே சாய்கிறது. காரணம் எளிது. புண்ணால் மேற்புறச் செல்கள் உதிர்ந்துபோன துண்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட துண்டை அரைத்து ஆர்.என்.ஏ. அளந்தால் டிஃபென்சின் குறைவாகத்தானே வரும்? அளப்பதற்கு முன் அந்தத் துண்டில் எத்தனை குழிகள் மிஞ்சியிருக்கின்றன என்று யாராவது பார்த்தார்களா என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்காக முதல் தரப்பைத் தள்ளிவிடவும் முடியாது. ஏடிஜி16எல்1 என்ற மரபணுவில் கிரோன் நோயோடு தொடர்புடைய மாற்றம் உள்ளவர்களின் பேனெத் செல்களில் துகள்கள் சிதறியும் ஒழுங்கு குலைந்தும் இருப்பதை 2008-இல் காட்டினார்கள். சிலருக்காவது கோளாறு அந்தச் செல்லுக்குள்ளிருந்தே வருகிறது.

கிரோன் நோயுடன் வாழ்பவர்:

நான் விஞ்ஞானி இல்லை. மேலே எழுதியிருப்பதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சொல்ல ஒன்று இருக்கிறது.

எனக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மலத்தில் கால்புரொடெக்டின் பார்க்கிறார்கள். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 250-ஐத் தாண்டினால் மருந்தை மாற்றும் பேச்சு. முடிவு வரும் நாளில் வீட்டில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். அந்தச் சொல்லையே நான் வெறுத்தேன். அது என் நோயின் பெயர் என்றே மனதில் பதிந்திருந்தது.

ஒருநாள் என் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். கால்புரொடெக்டின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவுக்குள் மிக அதிகமாக இருக்கும் புரதம். அதுவும் நுண்ணுயிரை எதிர்ப்பதுதான். துத்தநாகத்தையும் மாங்கனீசையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பாக்டீரியாவுக்குக் கிடைக்காமல் செய்கிறது. எண் ஏறியிருக்கிறது என்றால் அந்த அணுக்கள் குடல் சுவரைக் கடந்து உள்ளே வந்து குவிந்திருக்கின்றன என்று பொருள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் உடல் எனக்காகப் போராடியதன் கணக்கை அத்தனை நாள் என் எதிரியாக நினைத்திருந்தேன். அந்தப் போராட்டமே குடலைப் புண்ணாக்குகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு முடிவுத் தாளைக் கை நடுங்காமல் திறக்க முடிகிறது.

எலிகளில் ஆய்வு செய்யும் மாணவி:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் வேலை ஓடவில்லை. போராட்டமும் புண்ணும் ஒரே இடத்திலிருந்து வருவதுதான் என் ஆய்வின் சிக்கலும்.

நான் பார்ப்பது எல்எல்-37. முப்பத்தேழு அமினோ அமிலங்கள் கொண்ட மனிதக் கேத்தலிசிடின்; கேத்தலிசிடின்கள் டிஃபென்சின்களைப் போல இன்னொரு பெப்டைடுக் குடும்பம். பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் லிப்போபாலிசாக்கரைடை இது பிடித்து முடக்குகிறது. அதனால் அழற்சி தணிகிறது. அதே பெப்டைடு நியூட்ரோஃபில்களையும் மோனோசைட் என்ற வெள்ளையணுக்களையும் தன்னை நோக்கி இழுக்கிறது; அதனால் அழற்சி கூடவும் செய்யலாம். எது மேலோங்கும் என்பது அளவையும் நேரத்தையும் பொறுத்தது.

எலிகளின் குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் கலந்தால் ஒரு வாரத்துக்குள் எடை குறைந்து, மலத்தில் இரத்தம் வந்து, கோலைட்டிஸ் தொடங்கிவிடும். கேத்தலிசிடின் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு அது இன்னும் கடுமையாக வருகிறது என்ற முடிவுகள் வெளியாகியிருக்கின்றன. எங்களிடமும் அப்படித்தான் வந்தது. பிறகு ஒரே தாய் ஈன்ற குட்டிகளைப் பிரித்து ஒப்பிட்டோம். வித்தியாசம் இருந்தது, ஆனால் வெகுவாகச் சுருங்கிவிட்டது. எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்னும். ஒரு கூண்டில் வாழ்பவை ஒரே பாக்டீரியக் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும். தனித்தனியாக வளர்த்த இரண்டு வரிசைகளை ஒப்பிடும்போது நாம் மரபணுவை அளக்கிறோமா, கூண்டை அளக்கிறோமா? இதைக் கேட்காமல் வரும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எலிகள் படும் வலிக்கு நாம் கொடுக்கும் குறைந்தபட்ச மரியாதை சரியான ஒப்பீடு.

பெப்டைடு ஆய்வாளர் ஐயா சொன்ன மின்னூட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் குடலில் நம்மோடு வாழும் பாக்டீராய்டீஸ் என்ற பாக்டீரியா தன் உறையின் லிப்பிட்-ஏ பகுதியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. எதிர்மின்னூட்டம் குறைகிறது, பெப்டைடு பிடிக்க முடிவதில்லை. அழற்சியின்போது பெப்டைடு பெருகினாலும் அவை தாக்குப்பிடிப்பது இதனால்தான் என்று 2015-இல் காட்டினார்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்:

குறைமாதக் குழந்தைகளின் குடலில் பேனெத் செல்களும் டிஃபென்சின்களும் பெரியவர்களைவிட மிகக் குறைவு என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். குடல் அழுகும் என்டரோகொலைட்டிஸ் வந்த குழந்தையின் வயிறு சில மணி நேரத்தில் உப்பிப் பளபளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் பாடமாக இருக்காது. தாய்ப்பாலில் லைசோசைமும் லாக்டோஃபெரின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்புப் புரதமும் இருக்கின்றன. தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு இந்த நோய் குறைவு. அப்படியானால் லாக்டோஃபெரினை மட்டும் தனியே கொடுத்தால்? பிரிட்டனில் 2,200-க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் பசுவின் லாக்டோஃபெரினைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வந்த முடிவில் தொற்று குறையவில்லை. நாங்கள் எல்லோரும் நல்ல முடிவை எதிர்பார்த்திருந்தோம். அன்று முதல் ஒவ்வொரு தாயிடமும் சொட்டுப் பாலானாலும் பீய்ச்சித் தரச் சொல்லி முன்பைவிட விடாப்பிடியாகக் கேட்கிறேன்.

கிரோன் நோயுடன் வாழ்பவர்:

அப்படியென்றால் உடலே இவற்றைச் சுரக்கும்படி தூண்டும் மாத்திரைகளை நம்பலாமா? எனக்கு நிறையப் பேர் அனுப்புகிறார்கள்.

பெப்டைடு ஆய்வாளர்:

அம்மா, தூண்டுவது என்ற எண்ணத்தில் உண்மை இருக்கிறது. இரத்தபேதி உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி பெருங்குடலில் எல்எல்-37 சுரப்பை அடக்கிவிடுகிறது. அந்தக் கிருமி தொற்றிய முயல்களுக்குப் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைக் கொடுத்தபோது அவற்றின் கேத்தலிசிடின் மீண்டும் சுரந்து நோய் தணிந்தது. ஈ.கோலை நிசில் என்ற நல்ல பாக்டீரியா குடல் செல்களில் பீட்டா டிஃபென்சின்-2-ஐத் தூண்டுகிறது; அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் அடங்கிய நிலையில் அதைத் தக்கவைப்பதில் அது வழக்கமான மருந்தான மெசலசீனுக்கு இணையாக இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. உங்களுக்கு இருப்பது கிரோன் நோய். அதற்கு அந்த வலு உள்ள சான்று இல்லை. டிஃபென்சினைக் கூட்டும் என்று விற்கப்படும் எதையும் உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள், இருக்கும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம். மூட்டுவலிக்கு இபுபுரூஃபன் போன்ற மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். அது கால்புரொடெக்டினைத் தானே உயர்த்திவிடும். சிறுகுடலில் மட்டும் நோய் இருந்தால் எண் குறைவாகக் காட்டுவதும் உண்டு. எனவே எண் நன்றாக இருந்து வயிறு சரியில்லை என்றால் உங்கள் வயிற்றை நம்பி அவரிடம் போங்கள்.